கால் ஒரு கடைமடை: ரத்த ஓட்டக் குறைவைக் கண்டறியவும் சரிசெய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் இரண்டு பேரின் கால்கள் ஒரே சமயத்தில் தகராறு செய்தன. அப்பா முப்பது வருடம் பேருந்து நடத்துநராக நின்றே வேலை பார்த்தவர். சாயங்காலமானால் அவருக்குக் கணுக்கால் வீங்கும், கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் நெளிநெளியாகப் புடைத்து நிற்கும். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பதினாறு வயதிலிருந்து பீடி பிடிப்பவர். தெருமுனைவரை நடப்பதற்குள் அவருக்குக் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் வீட்டில் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ரத்த ஓட்டம் சரியில்லை."

அப்பாவுக்கு மருத்துவர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். போட்ட ஒரு வாரத்தில் அவருக்கு நிம்மதி. அதைப் பார்த்த மாமா, "அத்தான், எனக்கும் அதே ஓட்டப் பிரச்சினைதானே" என்று பழைய ஜோடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு படுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் அலறி எழுந்தார். காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்ட பிறகுதான் வலி கொஞ்சம் அடங்கியது. "மாப்ள, கொஞ்ச நாளாவே காலைத் தொங்கப்போட்டாத்தான்டா தூக்கம் வருது" என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோயின் பெயரே இருந்தது என்பது மருத்துவரிடம் போனபின் தெரிந்தது.

ஒருவரின் மருந்து இன்னொருவருக்கு ஏன் கெடுதலானது? அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாய்க்காலா, வடிகாலா?

டெல்டாப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வயல் கெட்டுப்போக இரண்டு வழிகள் உண்டு. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் வந்து சேராமல் பயிர் காயும். வடிகால் அடைத்துக்கொண்டால் வந்த தண்ணீர் வெளியேறாமல் பயிர் அழுகும். இரண்டுமே தண்ணீர்ப் பிரச்சினைதான். ஆனால் காய்கிற வயலுக்குச் செய்யும் வைத்தியத்தை அழுகுகிற வயலுக்குச் செய்ய முடியாது.

நம் உடம்பில் பாதம்தான் கடைமடை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு இறக்கும் குழாய் தமனி, அது வாய்க்கால். திரும்ப மேலே ஏற்றிக் கொண்டுபோகும் குழாய் சிரை, அது வடிகால். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து சுருங்கினால் பாதம் பட்டினி கிடக்கும். மாமாவுக்கு இருந்தது இந்த வகை.

சிரையின் கதை வேறு. ரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக ஏற வேண்டும். கீழே இதயம் கிடையாது. அந்த வேலையைக் கெண்டைக்கால் சதை செய்கிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கிச் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஏறிய ரத்தம் திரும்பி விழாமல் இருக்கச் சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவியபோது, அவருக்குக் கிடைத்த முக்கியமான தடயங்களில் ஒன்று இந்தக் கதவுகள்தான். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கதவுகள் பழுதானால் நடந்தாலும் இறங்காது. வருடக்கணக்கில் தேங்கிய அழுத்தம் சிரையைப் புடைக்க வைக்கும், நீரைச் சதைக்குள் கசியவிடும், தோலைக் கறுப்பாக்கும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நாம் பேச்சில் புடைத்த சிரையையும் "நரம்பு" என்கிறோம், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும் "நரம்பு" என்கிறோம். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று நரம்பியல் மருத்துவரிடம் போய் மாதக்கணக்கில் வைட்டமின் மாத்திரை விழுங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். சுருட்டிக்கொண்டது சிரை. பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். வாஸ்குலர் சர்ஜன் என்று கேட்டால் மருத்துவமனை வரவேற்பில் சரியாக அனுப்பிவிடுவார்கள். அறுவை சிகிச்சை என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர்களிடம் போகிற எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை.

படி 1: இது இன்றைக்கே ஓட வேண்டிய விஷயமா?

மற்ற எதையும் படிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு கால் திடீரென்று, சில நிமிடங்களிலோ மணிகளிலோ, சில்லிட்டு வெளுத்து, கடுமையாக வலித்து, மரத்துப்போய், விரலை அசைக்க முடியாமல் ஆனால் அது வாய்க்கால் திடுமென்று அடைபட்ட நிலை. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி போய்ச் சிக்கியும் இப்படி ஆகும். சதை இதைத் தாங்குவது தோராயமாக 6 மணி நேரம். தைலம் தேய்த்துப் பார்ப்போம், காலையில் பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை. 108-ஐ அழைத்து, ரத்தநாளப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். காலுக்கு ஒத்தடம் கொடுக்காதீர்கள், உயர்த்தி வைக்காதீர்கள்.

அடுத்தது, ஒரே ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் தொட்டால் வலிப்பது. இது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு முண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுவாகிறது. அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆகிப் படுத்திருந்தவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாதவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நெடும்பயணம் செய்து இறங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டேப்பில் வித்தியாசம் குறைவாக வந்தாலும் வீக்கமும் வலியும் ஒரு காலில் மட்டும் என்றால் அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இந்தக் காலை ஒருபோதும் பிடித்துவிடக் கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிருக்கே ஆபத்து.

படி 2: கால் சொல்வதைக் கேளுங்கள்

ரத்தநாள மருத்துவர் கேட்கும் கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து நாமே கேட்டுக்கொள்ளலாம். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

எப்போது வலிக்கிறது? நடக்கும்போது ஏறக்குறைய ஒரே தூரத்தில் கெண்டைக்கால் (சிலருக்குத் தொடை அல்லது பிட்டம்) இறுகி வலித்து, சும்மா நின்றாலே சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால் அது வாய்க்கால் வலி. மறுபடி நடந்தால் மறுபடி அதே தூரத்தில் வரும். மாமா இதைக் கரண்ட் கம்பத்தில் கணக்கு வைத்திருந்தார்: "நாலாவது கம்பத்துல பிடிச்சிடும், நின்னு ஒரு பீடி முடிக்கறதுக்குள்ள சரியாயிடும்." வலி போக்க நின்ற நேரத்தில் நோய்க்கே தீனி போட்டிருக்கிறார், பாவம்.

நின்றுகொண்டே இருந்தால் கனத்து, சாயங்காலம் வீங்கி, நடந்தால் அல்லது படுத்துக் காலைத் தூக்கி வைத்தால் சுகமாகிறது என்றால் அது வடிகால் கோளாறு. காலையில் எழுந்தால் வீக்கம் வற்றியிருக்கும்.

ராத்திரியில் எப்படி? படுத்தால் பாதமும் விரல்களும் வலித்து, தொங்கப்போட்டால் அடங்குகிறது என்றால் தமனி அடைப்பு முற்றிவிட்டது என்று பொருள். தொங்கும்போது புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தை இறக்கிக் கொடுக்கிறது, அதனால்தான் அந்த ஆறுதல். இதைத் தள்ளிப்போடக் கூடாது, அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். மாமா தள்ளிப்போட்டது மூன்று மாதம்.

எல்லாக் கால்வலியும் ரத்த ஓட்டமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் திடீரென்று கெண்டைக்கால் முடிச்சுப்போட்டு இழுக்கும் குரக்குவலிக்குப் பெரும்பாலும் ரத்தக் குழாய் காரணமில்லை. விரலை முகத்தை நோக்கி மடக்கி நீட்டினால் விட்டுவிடும். முதுகுத் தண்டில் நரம்பு நெரிபட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றால் போகாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் போகும். அவர்களால் சைக்கிள் மிதிக்க முடியும், நடக்கத்தான் முடியாது. இரண்டு கால்களும் ஒன்றாக வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தசோகை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையே பலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். வீட்டில் யாருக்காவது கால் வீங்கினால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: வீட்டிலேயே ஒரு பத்து நிமிடச் சோதனை

பகல் வெளிச்சத்தில், கால் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிடுவதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தோல். வாய்க்கால் அடைத்த கால் மெலிந்து பளபளக்கும், கணுக்கால் எலும்பு துருத்தும், முன்காலிலும் விரல்களிலும் முடி உதிர்ந்துவிடும், நகம் தடித்து மெதுவாக வளரும், ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்று இருக்கும். வடிகால் அடைத்த கால் கனத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே உட்புறத்தில் காபித்தூள் நிறத்தில் கறுத்து, அரித்து, பிறகு கட்டியாக இறுகிப் போகும். அந்த அரிப்பைப் படை என்று நினைத்துக் களிம்பு பூசுவதே பல வீடுகளில் நடக்கிறது.

புண் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விரல் நுனி, விரலிடுக்கு, குதிகால் ஆகிய இடங்களில் வறண்டு, கடுமையாக வலிக்கும் புண் என்றால் தமனி. கணுக்கால் உட்புறத்துக்கு மேலே, ஆழமில்லாமல் பரந்து, நீர் கசியும் புண் என்றால் சிரை. பாதத்தின் அடியில், சுற்றிலும் தோல் தடித்து, வலியே இல்லாத புண் என்றால் சர்க்கரையால் உணர்ச்சி போன கால்.

பிறகு நாடி. பாதத்தில் இரண்டு இடங்களில் நாடி பார்க்கலாம். பெருவிரலை மேலே தூக்கினால் புறங்காலில் ஒரு தசைநாண் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கத்தில் மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். இன்னோர் இடம் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். அழுத்தினால் நாடி மறைந்துவிடும்; பூவைத் தொடுவதுபோலத் தொட்டால் போதும். புறங்கால் நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. ஆகவே அது ஒன்று இல்லை என்பதற்காகக் கலங்க வேண்டாம். ஒரு காலில் இரண்டுமே இல்லை, மற்ற காலில் நன்றாகத் துடிக்கிறது என்றால் அது செய்தி.

அப்புறம் நிறச் சோதனை. மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் 45 டிகிரி அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நம் நிறத்துக்குப் புறங்காலில் வித்தியாசம் தெரியாது, உள்ளங்காலைப் பாருங்கள். ஆரோக்கியமான உள்ளங்கால் ஓரளவு அதே நிறத்தில் இருக்கும். அடைப்புள்ள கால் சுண்ணாம்புபோல வெளுக்கும். உடனே எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் நல்ல காலில் நிறம் சில நொடிகளில் திரும்பிவிடும். அடைப்புள்ள காலில் அது மெதுவாகத் திரும்பி, அப்புறம் கருஞ்சிவப்பாக மாறும். நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் பெயரில் இந்தச் சோதனையும் உண்டு, ஒரு நோயும் உண்டு. அந்த நோயைப் பற்றிப் பின்னால் பேசுவோம், அது நம் ஊருக்கு மிகவும் வேண்டியது.

கடைசியாக, முன்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது.

இந்தச் சோதனைகள் சந்தேகத்தை எழுப்பத்தான், தீர்ப்பு எழுத அல்ல. சர்க்கரை நோயாளிக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் அடுத்த படியைத் தாண்டக் கூடாது.

படி 4: எந்தப் பரிசோதனை கேட்பது?

தமனிக்கு முதல் பரிசோதனை எளிதானது, வலியில்லாதது, செலவும் குறைவு. கணுக்காலில் ரத்த அழுத்தம் அளந்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். ஏபிஐ என்பார்கள். கையில் 150, கணுக்காலில் 90 என்றால் விடை 0.6. இது 1.0 முதல் 1.4 வரை இருந்தால் இயல்பு. 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு உண்டு. 0.4-க்குக் கீழ் போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.4-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்: சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போவதால் கருவியால் அதை நசுக்க முடியாமல் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன், குழாயில் ரத்தம் ஓடுவதை ஒலியலையால் காட்டும் பரிசோதனை. "கால் டாப்ளர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தமனிக்கு ஆர்ட்டீரியல் டாப்ளர், சிரைக்கு வீனஸ் டாப்ளர். இரண்டும் வெவ்வேறு பரிசோதனைகள், பணமும் தனித்தனி. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரைக் கதவு கசிகிறதா என்று பார்க்கும் ஸ்கேனை உங்களை நிற்க வைத்து எடுக்க வேண்டும். ரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் கதவு பழுது என்பார்கள். படுக்கவைத்து மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று கொடுத்த அறிக்கையை நம்பி அப்பா ஒரு வருடத்தை வீணாக்கினார்.

கூடவே சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள். அரசு மருத்துவமனைகளில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை தனியாகவே உண்டு. வெளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.

படி 5: வாய்க்கால் அடைப்பு என்று தெரிந்தால்

முதல் வேலை புகையிலையை விடுவது. இரண்டாவது வேலையும் அதுதான்.

லியோ பர்கர் 1908-இல் விரிவாக விவரித்த நோயில் கை கால்களின் சிறு, நடுத்தரத் தமனிகளும் சிரைகளும் அழன்று, ரத்தம் உறைந்து அடைபடும். பெரும்பாலும் 50 வயதுக்குட்பட்ட ஆண்கள், ஏறக்குறைய அனைவருமே புகையிலைக்காரர்கள். மேற்கில் அரிதாகிவிட்ட இந்த நோய், பீடி புழங்கும் நம் நாட்டில் இன்னும் கண்ணில் படுகிறது. சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரருக்கு விரல் கறுக்கும். இதை நிறுத்தும் மருந்து ஒன்றுதான்: புகையிலையை முழுக்க விடுவது. "குறைத்துவிட்டேன், நாளைக்கு இரண்டுதான்" என்பது இதில் செல்லாது. வாயில் அதக்குவதும் சேர்த்தித்தான். தனியாக விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் பேசலாம்.

அடுத்தது நடை. வலிக்கிற காலை ஓய்வில் வைக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் தமனி வலிக்கு, வலிக்கும்வரை நடப்பதே வைத்தியம். முறை இது: சமதளத்தில், வழக்கமான வேகத்தில் நடங்கள். 3 முதல் 5 நிமிடத்தில் வலி வரும். வந்தவுடன் நிற்காமல், ஓரளவு கடுமையாகும்வரை நடந்துவிட்டு நில்லுங்கள். முழுக்க விட்டதும் மறுபடி நடங்கள். நடையும் நிற்றலுமாகச் சேர்த்து 30 நிமிடத்தில் ஆரம்பித்து, மெல்ல 45-50 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். வாரத்தில் குறைந்தது 3 நாள், 12 வாரம் விடாமல். ஒரு நோட்டில் எந்தக் கம்பத்தில் வலி வந்தது என்று எழுதுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் எதுவும் மாறாததுபோல் இருக்கும், அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடைப்பு இதனால் கரைவதில்லை. வருகிற குறைந்த ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சதை பழகிக்கொள்கிறது, கிளை வாய்க்கால்களும் கொஞ்சம் விரிந்து கொடுக்கின்றன. மாமாவைப்போல ஓய்விலேயே வலி உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் இந்த நடையைத் தொடங்கக் கூடாது; அவர்களுக்கு முதலில் அடைப்பை எடுத்தாக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலில் அடைத்த கொழுப்பு இதயத்தையும் மூளையையும் மட்டும் விட்டுவைக்காது. இந்த நோயாளிகள் காலை இழப்பதைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் விழுவதே அதிகம்.

அதனால்தான் கொழுப்பு அளவு "நார்மல்" என்றாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை கொடுப்பார்கள், கூடவே ரத்தம் கட்டாமல் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ தருவார்கள். நடைத்தூரத்தைக் கூட்டச் சிலோஸ்டசால் என்று ஒரு மாத்திரை உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கக் கூடாத மாத்திரை அது. இதெல்லாம் போதாதபோது அடைப்பை உள்ளிருந்து விரிக்கும் பலூன், விரித்த இடத்தைத் தாங்கும் ஸ்டென்ட், அல்லது மாற்றுக் குழாய் போடும் பைபாஸ். மாமாவுக்குப் பலூன் வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் எது அடங்கும் என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: வடிகால் அடைப்பு என்று தெரிந்தால்

இங்கே காலுறைதான் அடிப்படை, ஆனால் தமனி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு. அது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு வகுப்புகள் உண்டு, மருத்துவர் வகுப்பைக் குறித்துக் கொடுப்பார். புடைத்த சிரைக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு, அதாவது 23 முதல் 32 மில்லிமீட்டர் அழுத்தம். கடையில் அளவெடுப்பதானால் வீக்கம் இல்லாத காலை நேரத்தில் போங்கள். தினமும் படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். காபி குடித்துவிட்டுப் போடலாம் என்றால் அதற்குள் நீர் இறங்கிவிடும். சுருக்கம் விழாமல் நீவிவிடுங்கள். மேல் விளிம்பைச் சுருட்டி மடித்தால் அது கயிறு கட்டியதுபோல ஆகிவிடும். ராத்திரி கழற்றிவிடலாம். ஆறு மாதத்தில் பிடிப்புத் தளர்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். நம் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது கொடுமைதான், மறுக்கவில்லை. முழங்கால்வரை உள்ளதே பெரும்பாலோருக்குப் போதும், தொடைவரை வாங்கித் தவிக்காதீர்கள்.

பகலில் மூன்று முறை பதினைந்து இருபது நிமிடம், கால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வைத்துப் படுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் கால் நீட்டுவது அந்த உயரம் ஆகாது. கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்குக் கீழே ஒரு செங்கல் வைத்தால் ராத்திரி முழுக்க அந்த வேலை தானாக நடக்கும். (தமனி அடைப்புக்காரருக்கு இதற்கு நேர் எதிர், அவர் காலை உயர்த்தவே கூடாது. ஒரே அறையில் அப்பாவும் மாமாவும் படுத்திருந்தபோது ஒருவர் கட்டிலுக்குக் கால்மாட்டில் செங்கல், மற்றவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் செங்கல். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.)

நின்று வேலை செய்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி, விரல்நுனியில் நின்று, இறக்குங்கள். இருபது முறை. கல்லாவுக்குப் பின்னால் நின்றே செய்யலாம். துணிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் உட்காரவே விடாமல் நிற்கவைத்த வழக்கத்துக்கு எதிராகக் கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கின. இருக்கை இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்பது அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கண்ணில் படும்.

உடல் எடை, மலச்சிக்கல் இரண்டையும் கவனியுங்கள். வயிற்றில் அழுத்தம் கூடினால் காலில் வடிவது குறையும். கதவு முற்றாகப் பழுதாகியிருந்தால் லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி என்று பல வழிகளில் அந்தச் சிரையை மூடிவிடுவார்கள். "மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?" என்று அப்பா கேட்டார். ரத்தத்தில் பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. வெளியே புடைத்து நிற்பது கிளைதான்.

புடைத்த சிரை இடித்துக்கொண்டு வெடித்தால் பீய்ச்சி அடிக்கும். பயந்து ஓடாதீர்கள், நின்றால்தான் அதிகம் கொட்டும். அப்படியே படுத்து, காலைத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். அப்புறம் மருத்துவரிடம் போகலாம்.

படி 7: சர்க்கரை உள்ளவர் கால்

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. இவர்களுக்குத் தமனியும் சுருங்கும், நரம்பும் மரத்துப்போகும். அதனால் மேலே சொன்ன எச்சரிக்கை வலிகள் வராமலே போகலாம். மரத்த காலுக்குள் அடைப்பு முற்றி, முதல் அறிகுறியே கறுத்த விரலாக வந்து நிற்கும்.

ஆகவே அவர்கள் வலியை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்குமேல் பாதத்தைக் காட்டலாம். செருப்புக்குள் கைவிட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று தடவிவிட்டுப் போடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றி, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் கட்டியதே தெரியாமல் வீடு வந்தவர்கள் இருக்கிறார்கள். காலையிலேயே போய்விட்டு வாருங்கள், நடுப்பகலில் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். வருடம் ஒருமுறை நாடி, உணர்ச்சி, ஏபிஐ மூன்றும் பார்த்துவிட வேண்டும்.

எல்லோரும் செய்யும் சில காரியங்கள் பற்றி

வெந்நீரில் கால் வைப்பது, சூட்டுப் பை வைப்பது: தமனி அடைத்த காலுக்கும் மரத்த காலுக்கும் வேண்டவே வேண்டாம். சூடானால் சதை கூடுதல் ரத்தம் கேட்கும்; கொடுக்க வழியில்லாமல் வெந்துபோகும்.

தைலம் தேய்த்துப் பிடித்துவிடுவது: ரத்தக்கட்டி இல்லை, புண் இல்லை என்றால் சுகம்தான், ஆனால் சுகம் மட்டும்தான். தொலைக்காட்சி விளம்பரத்தில் அதிரும் பாதப் பலகைகளுக்கும் இதே பதில்.

பூண்டு, இஞ்சி, பீட்ரூட் எல்லாம் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் சாப்பிடாதீர்கள். உண்மையில் தட்டில் மாற வேண்டியது உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் சேர்ந்த ஒரு மதியச் சாப்பாட்டில் அதில் பெரும்பகுதி போய்விடும்.

நெடும்பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ராத்திரிப் பேருந்தில் அது முடியாது என்றால் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் மடக்குங்கள், தண்ணீர் குடியுங்கள். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறும் பெண்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

படி 8: மூன்று மாதம் கழித்து

ஆரம்பித்த நாளில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: வலி வரும் தூரம், இரண்டு கணுக்கால்களின் சுற்றளவு (மாலையில்), ஏபிஐ எண், ஒரு தெளிவான கால் புகைப்படம். 12 வாரம் முடிந்ததும் அதே நான்கையும் மறுபடி எடுங்கள். ஏபிஐ பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அதற்காக மனம் தளர வேண்டாம். தூரம் கூடியிருந்தால் நடை வேலை செய்கிறது. பலூன் வைத்த மாமா, மருத்துவர் அனுமதித்த பிறகு நடக்கத் தொடங்கி, இப்போது பதினோராவது கம்பத்தில் இருக்கிறார். பீடியை விட்டுவிட்டார், ஆனால் பாக்கெட்டில் தீப்பெட்டி இன்னும் இருக்கிறது, ஏன் என்று நான் கேட்பதில்லை.

தூரம் கூடாவிட்டால் அடுத்த சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பதினோராவது கம்பத்தில் வந்துகொண்டிருந்த வலி ஒரு வாரத்தில் ஐந்தாவது கம்பத்துக்கு இறங்கிவிட்டால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.